தாம்பூலத்தில் போன பெயர்

சோப்புக்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் வையுங்கள், சாமி பெயரை மட்டும் வைக்கக் கூடாது என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பா ராஜபாளையத்தில் நூல் மில் வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, துணி சோப்புக் காய்ச்ச ஆரம்பித்திருந்தார். குலதெய்வத்தின் பெயரை வைத்தால் தொழில் விருத்தியாகும் என்பது அவர் நினைப்பு. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நல்லா இருக்கே நாயம்! துவைக்கிற கல்லுல போட்டுத் தேப்பாவ, கால்ல மிதிபடும், கரைஞ்சு சாக்கடையில போவும். சாமி பேரை அதுலயா அடிப்பீய?"

"அப்பம் நம்ம புள்ள பேரை அடிச்சுருவோம்" என்றார் அப்பா.

"ஏன், எம்புள்ள மட்டும் சாக்கடையில போலாமோ?"

"போவட்டுமே. போனாத்தான மறுபடி ஒரு கட்டி வாங்க வருவாவ."

அம்மா சிரித்துவிட்டாள். அதோடு முடிவாகிவிட்டது. எங்கள் வீட்டில் சாமி பெயர் இல்லாதவள் நான் ஒருத்திதான். அப்பா எங்கெங்கோ விசாரித்து ஆசையாக வைத்த நல்ல தமிழ்ப் பெயர். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்களுக்கு என் ஞாபகம் வராது. பெரிய கம்பெனிக்காரன் ஒருவனுடைய பவுடர் பாக்கெட்தான் ஞாபகம் வரும். அவனுக்கு ஓசியில் விளம்பரம் செய்ய எனக்கு என்ன தலையெழுத்தா?

எங்கள் சோப்பு ஒன்றும் பெரிய அதிசயமில்லை. தவிட்டெண்ணெய், தேங்காயெண்ணெய், காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர், சிலிகேட், கொஞ்சம் நீலம். கலக்கிப் பலகைப் பெட்டியில் ஊற்றி, இறுகிய பிறகு கம்பியால் அறுத்து, ஒவ்வொரு கட்டியையும் அச்சில் வைத்து மிதித்தால் மேலே என் பெயர் புடைத்துக்கொண்டு நிற்கும். காஸ்டிக் பட்டுப் பட்டு அப்பாவின் விரல் நுனிகளில் தோலே நிற்காது. ரசம் சாதம் பிசையும்போது ஸ்ஸென்று இழுத்துக்கொள்வார். காய்ச்சுகிறவர் அவர் என்றாலும் விற்கிறவள் அம்மா. மூட்டையை பஸ்ஸின் மேலே ஏற்றிப் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, மகாராஜபுரம், வ. புதுப்பட்டி என்று கடை கடையாக ஏறி இறங்குவாள். கடைக்காரர் மறுத்தால் அந்தக் கடையிலேயே ஒரு வாளித் தண்ணீர் கேட்டு, அவர் தோளில் கிடக்கிற துண்டை வாங்கி, துவைத்துக் காட்டிவிட்டுத்தான் நகர்வாள்.

பள்ளிக்கூடத்தில் என்னை விட்டுவைப்பார்களா? "ஏட்டி, நேத்து உன்னயப் போட்டுத்தான் எங்க அண்ணன் கைலிய அலசுனேன், அழுக்கே போவலை" என்பாள் ஒருத்தி. "உங்க அண்ணன் எம்புட்டு அழுக்கோ, அதுக்கு நான் என்ன செய்ய" என்பேன் நான். எனக்கு அதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. கடைவீதியில் யாரோ ஒரு முகம் தெரியாத பொம்பளை என் பெயரைச் சொல்லி "ரெண்டு கட்டி குடுங்க" என்று கேட்பதைக் காதால் கேட்பதற்காகவே நான் மளிகைக் கடைக்குப் போக ஆசைப்படுவேன்.

எண்பதுகள் முடியப் போகிற சமயத்தில் ஒரு தை மாதம் எங்கள் வீட்டு முன்னால் கார் வந்து நின்றது. எங்கள் தெருவுக்குக் கார் வருவதென்றால் பிரசவமோ சாவோதான் இருக்கும். அக்கம்பக்கம் எல்லாம் வெளியே வந்து பார்த்தது. இறங்கியவர் ஒரு பெரிய சலவைப் பவுடர் கம்பெனியின் முதலாளி. ஊர் பெயர் வேண்டாம், நான்கு மணி நேரம் பயணம் செய்தால் வருகிற ஊர். கூடவே அவர் மனைவி. அந்த அம்மாள் கையில் ஒரு பெரிய தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள் குங்குமம், ஒரு ரவிக்கைத் துணி.

அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொட்டகையிலிருந்து எண்ணெய்க் கையோடு ஓடிவந்து, வேட்டியில் துடைத்துக்கொண்டு, இருந்த ஒரே நாற்காலியைத் தட்டிப் போட்டார். நான்தான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெரிய மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவதானா அந்தப் பாப்பா? எங்க பேத்திக்கும் இதே பேருதான். பாத்தீங்களா கடவுள் செயலை!"

பிறகு விஷயத்துக்கு வந்தார். புதிதாக ஒரு பவுடர் போடுகிறார்களாம். பேத்தி பெயரையே வைக்க வீட்டில் எல்லோரும் ஆசைப்படுகிறார்களாம். ஆனால் இந்தப் பக்கத்தில் அதே பெயரில் ஒரு சோப்பு நன்றாக ஓடுகிறது என்று ஏஜெண்ட் சொன்னாராம். "ஒருத்தர் வச்சிருக்க பேரை அவரைக் கேக்காம எடுத்தா அது விளங்குமா? அதான் நேர்ல கேட்டுட்டுப் போவோம்னு வந்தோம். சோப்பு உங்களோடது. அதுல நாங்க தலையிட மாட்டோம். பவுடர் மட்டும் நாங்க போட்டுக்கிறோம்" என்றார்.

எம்புட்டு மரியாதை பாருங்கள்! கேட்டுக்கொண்டு நின்ற எனக்கே உள்ளம் குளிர்ந்துவிட்டது. அம்மா மட்டும் அடுக்களை வாசலிலிருந்து அப்பாவைக் கண்ணால் கூப்பிட்டாள். அப்பா உள்ளே வந்ததும், "எதுக்கும் ஒரு தாள்ல எழுதி வாங்கிக்கிடுங்க" என்றாள்.

"கூறு கெட்டவளே, மெல்லப் பேசு" என்றார் அப்பா. "வீடு தேடித் தட்டு எடுத்து வந்திருக்காவ. அவியகிட்டப் போயி எழுதிக் குடுன்னு கேக்கவா? பொண்ணு கேட்டு வந்தவனை ஸ்டாம்பு பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொல்லுவியா நீ?"

இதில் அப்பாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் தட்டைக் கை நீட்டி வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. கல்யாணம் அப்படித்தான் நிச்சயமாகிறது. நிலம் கைமாறுகிறது. சண்டை போட்ட பங்காளிகள் சேர்கிறார்கள். வெற்றிலையை வாங்கிய பிறகு மாற்றிப் பேசினவன் முகத்தில் ஊரே விழிக்காது. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கூடத்துச் சாமி படத்துக்கு முன்னால் நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். "தாராளமா வச்சுக்கிடுங்க, நல்லா இருங்க" என்றார். அவர்களைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு அன்று முழுக்க அப்பா பேசியதெல்லாம் அந்த மனிதரின் பெருந்தன்மையைப் பற்றித்தான்.

பவுடர் வந்தது. ரேடியோவில் பாட்டுப் போட்டு விளம்பரம் செய்தார்கள். நாங்கள் எப்படிப்பட்ட முட்டாள்கள் தெரியுமா? பெருமைப்பட்டோம்! பவுடர் கம்பெனியின் காலண்டரை அப்பா கூடத்துச் சுவரில் மாட்டினார். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மா, "ஏமம்மா, ரேடியோவுலல்லாம் உன் பேரு வருது, இனி எங்களையெல்லாம் ஞாபகம் இருக்குமா" என்று கேலி செய்வார். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். போனேன் என்றால் ராத்திரி தூங்கத்தான். காலையில் முதல் வேலையாக பஸ் ஏறி ராஜபாளையம் வந்துவிடுவேன். கணக்கு, சரக்கு எடுப்பது, அச்சு மிதிப்பது எல்லாம் என் பொறுப்பாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு கடைகளுக்குப் போவதும் நான்தான்.

கொஞ்ச காலத்தில் அந்தக் கம்பெனி பவுடரோடு நிற்காமல் அதே பெயரில் துணி சோப்பும் போட்டது. "அவிய சோப்புல தலையிட மாட்டோம்னாவளே" என்று அம்மா கேட்டாள். "ஏஜெண்டு எவனாவது தெரியாமச் செஞ்சிருப்பான். நான் ஒரு போன் போடுதேன்" என்றார் அப்பா. போட்டார். ஐயா பூஜையில் இருக்கிறார், ஐயா வெளியூரில் இருக்கிறார் என்று பதில் வந்தது. பூஜை முடிந்து அவர் அனுப்பியது வக்கீல் நோட்டீஸ்.

எங்கள் கம்பெனியின் பதிவு பெற்ற பெயரை நீங்கள் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தி மக்களை ஏமாற்றுகிறீர்கள், உடனே நிறுத்த வேண்டும், அச்சையும் உறைகளையும் ஒப்படைக்க வேண்டும், இதுவரை செய்ததற்கு நஷ்டஈடு தர வேண்டும். இதுதான் நோட்டீஸின் சாரம். ஆங்கிலத்தில் இருந்ததை நான்தான் படித்து அப்பாவுக்குச் சொன்னேன். திருட்டுத்தனம் என்ற சொல் வந்ததும் அப்பா, "அதை மறுபடி வாசி" என்றார். வாசித்தேன். அம்மா எழுந்து போய், அன்றைக்குத் தட்டில் வந்த துணியில் தைத்த ரவிக்கையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கிழித்து, எண்ணெய்ச் சட்டி துடைக்கக் கொட்டகையில் போட்டாள்.

எங்கள் வக்கீல் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். நல்ல மனிதர், ஆனால் எதைக் கேட்டாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் விளக்கினார்: பெயரைப் பதிவு செய்ய மெட்ராஸில் ஒரு அலுவலகம் இருக்கிறது. ஒருவர் பெயரைக் கேட்டு எழுதிப் போட்டால் அதை ஒரு அரசாங்கப் புத்தகத்தில் போடுவார்கள். யாருக்கும் ஆட்சேபணை இல்லையென்றால் பெயர் அவருக்குச் சொந்தம். பவுடருக்கு மட்டுமில்லை, சோப்புக்கும் சேர்த்தே அவர்கள் எழுதிப் போட்டிருக்கிறார்கள். எப்போது போட்டார்கள் என்று பார்த்தால், தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்த அதே தை மாதம்.

"நீங்க ஏன் ஆட்சேபணை சொல்லலை?" என்று கேட்டார் வக்கீல்.

"அந்தப் புத்தகம் எங்க ஊர்ல எந்தக் கடையில சார் கிடைக்கும்?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் வாங்குவது ஒரு பேப்பர். அதில் அம்மா பார்ப்பது ராசிபலன். எங்களுக்குத் தெரியாத ஊரில், அப்பாவுக்குப் படிக்கத் தெரியாத மொழியில், எங்கள் கண்ணில் படாத புத்தகத்தில் என் பெயரைப் போட்டு, யாரும் வரவில்லை என்று எடுத்துக் கொடுத்துவிட்டார்களாம். இதற்குப் பெயர் சட்டமாம்!

மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். வழக்கு அங்கே வந்தது. முதல் பிரதிவாதி அப்பா, இரண்டாம் பிரதிவாதி நான். நடத்துகிறவர்கள் என்று இரண்டு பேரையும் சேர்த்திருந்தார்கள். பத்து வருஷமாக மூட்டை தூக்கி அந்தப் பெயரை ஊர் ஊராக விதைத்த அம்மாவின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. எங்களைக் கேட்பதற்கு முன்பே தடை உத்தரவு வாங்கிக்கொண்டு, கமிஷனர் என்று ஒரு வக்கீலும் கோர்ட்டு அமீனாவும் ராஜபாளையத்துக்கு வந்துவிட்டார்கள்.

அந்த அமீனாவை நான் திட்டமாட்டேன். பாவம், அவர் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் கொட்டகைக்குள் வந்தார். கட்டி கட்டியாக அடுக்கியிருந்த சோப்பையெல்லாம் சாக்கில் போட்டார்கள். உறைகளைக் கட்டினார்கள். அச்சைக் கழற்றத் தெரியாமல் தட்டுத் தடுமாறினார்கள். கடைசியில் அப்பாவே திருப்புளி எடுத்துவந்து கழற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தவர்கள் சிரமப்படக் கூடாதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா வாசலில் குறுக்கே நின்றாள். "எம்புள்ள பேரைச் சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போறீயளே, நீங்கள்லாம் புள்ள குட்டி பெத்தவியதானா?"

"கோர்ட்டு உத்தரவும்மா" என்றார் அமீனா. அம்மா வழி விட்டாள், ஆனால் வாயை மூடவில்லை. தெருமுனை திரும்பும் வரை அந்த வண்டியை வைதாள்.

அதற்குப் பிறகு பெயரில்லாத சோப்புப் போட்டோம். அச்சு மிதிக்காத மொட்டைக் கட்டி, வெள்ளைத் தாளில் சுற்றி. வேறு பெயர் வைத்தால் என்ன என்று ஆளுக்கு ஒரு பெயரைச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. பூ பெயர், நட்சத்திரத்தின் பெயர், ஒருவர் தன் மருமகளின் பெயரையே சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க பேரை நாளைக்கு ஒருத்தன் பிடுங்கிட்டா நீங்க வேற பேரு வச்சுக்கிடுவீயளா மாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் ரொம்ப நாள் வரவில்லை.

மொட்டைச் சோப்பும் விற்கத்தான் செய்தது. கடைக்காரர்களுக்கு எங்களைத் தெரியும். வத்திராயிருப்பில் அம்மாவிடம் முதல் முதலாகச் சரக்கு எடுத்த கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் கடைக்கு வெளியூர் ஆள் ஒருவன் வந்து, என் பெயரைச் சொல்லி, "அந்தச் சோப்பு ஒண்ணு குடுங்க" என்று கேட்டிருக்கிறான். கடைக்காரரும், "இந்தாங்க, இப்பம் பேரில்லாம வருது, சரக்கு அதேதான்" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார். வந்தவன் அந்தக் கம்பெனியின் ஆள். தடை உத்தரவை மீறி அதே பெயரில் விற்கிறோம் என்று இன்னொரு மனு. வாங்க வந்தவன் வாயில் வந்த பெயருக்கு நாங்கள் குற்றவாளி! அந்தக் கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து அழாத குறை. "என்னால உங்களுக்குத் தொந்தரவாப் போச்சே" என்றார். அதற்குப் பிறகு கடைகள் ஒவ்வொன்றாக எங்கள் சரக்கை எடுக்கப் பயந்தன. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சோப்பு விற்கப் போய் யார் கோர்ட்டுப் படி ஏறுவார்கள்?

நான் ஏறினேன். இன்று போய் நாளை வா என்று வாய்தா மேல் வாய்தா. கோர்ட்டுக்குப் போகும் வழியில் வரிசையாகப் பால்கோவாக் கடைகள். ஆளுக்கொரு பலகை, ஊர் பெயர் போட்டு, ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒருவன் கடையில் கூட்டமாக இருந்தால் பக்கத்துக் கடைக்குப் போய் வாங்கிக்கொள்கிறார்கள். இத்தனை கடைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிழைக்கிற ஊரில் போய், ஒரு கொட்டகைச் சோப்பை நசுக்க வழக்குப் போட்டிருக்கிறானே என்று ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும்.

சாட்சி விசாரணை வந்த நாளில்தான் அந்தப் பெரிய மனிதரை மறுபடி பார்த்தேன். கோர்ட்டு வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் கடந்து போவதைப் பார்த்து, என் பெயரைச் சொல்லி, "நல்லா இருக்கியா பாப்பா?" என்றார். என்ன குழைவு! அப்படியே நின்றுவிட்டேன். என் பெயரால் எனக்கு உடம்பு கூசியது அன்றுதான்.

"நல்லா இருக்கேன். உங்க பேத்தி எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"எந்தப் பேத்தி? நமக்கு ரெண்டும் பேரன்ல" என்றார் சிரித்துக்கொண்டே.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் ஒரு மாதிரி ஆனது. பக்கத்தில் இருந்த அவர் வக்கீல் ஏதோ காகிதத்தை நீட்டினார். அடப்பாவி! இல்லாத ஒரு குழந்தையைச் சொல்லியா எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்தாய்! "எங்க வீட்டுல வந்து பேத்தி பேருன்னு சொன்னீயளே, மறந்து போச்சா? சாமி படத்துக்கு முன்னால தட்டைக் குடுத்தீயளே!" என்று கத்தினேன். கோர்ட்டு டவாலி ஓடிவந்து, "அம்மா, உள்ள கோர்ட்டு நடக்குது" என்று என்னை அடக்கினார். அவரை அடக்க ஒருத்தரும் இல்லை.

கூண்டில் என்னை முதலில் ஏற்றினார்கள். அவர்கள் வக்கீல் என் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தார். எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறீர்கள்? ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்படியென்றால் நீங்கள் இப்போது இன்னொரு குடும்பத்துப் பெண். உங்கள் பெயருக்கும் ராஜபாளையத்து சோப்புத் தொழிலுக்கும் இனிமேல் எந்தச் சம்பந்தமும் இல்லை, சரிதானே?

"ஏன், பேரையும் சீரோட சேத்துக் குடுத்துட்டாவளோ?" என்று கேட்டேன்.

கோர்ட்டில் சிரித்தார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று நீதிபதி கண்டித்தார். கல்யாணமாகிப் போன பெண்ணுக்குத் தன் பெயரே சொந்தமா என்று கேட்ட வக்கீலை அவர் கண்டிக்கவில்லை.

அடுத்தது அப்பா. எங்கள் வக்கீல் முன்னாடியே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். வழக்கு நமக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது, முதலில் அந்தப் பெயரைப் பயன்படுத்தியவர் நாம்தான், கடைக்காரர்கள் சாட்சி இருக்கிறார்கள். பதிவு போக அவர்கள் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. பெயரை நீங்களே தாம்பூலம் மாற்றி விட்டுக்கொடுத்ததாகச் சொல்கிறார்கள். அதற்கு ஒரு எழுத்தும் கிடையாது. அவர்கள் சும்மா பார்க்க வந்தார்கள், பெயரைப் பற்றிப் பேச்சே வரவில்லை என்று சொல்லிவிடுங்கள், போதும். அப்பா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

"வாதி உங்கள் வீட்டுக்கு வந்தாரா?"

"வந்தாவ."

"தாம்பூலம் கொடுத்தாரா?"

"குடுத்தாவ. வாங்குனேன்."

எங்கள் வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

"பெயரைக் கேட்டாரா?"

"கேட்டாவ. பவுடருக்குன்னு கேட்டாவ. வச்சுக்கிடுங்கன்னு சொன்னேன்."

"பவுடருக்கு மட்டும் என்பதற்கு எழுத்து ஏதாவது இருக்கிறதா?"

"தட்டுல வெத்தலை இருந்துச்சுல்லா" என்றார் அப்பா. "அதுக்கு மேல என்னத்தை எழுத?"

மறுபடி சிரித்தார்கள். என் கேள்விக்குச் சிரித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்பாவைப் பார்த்துச் சிரித்தபோது அந்த இடத்தையே கொளுத்திவிட வேண்டும் போல இருந்தது. தட்டைக் கொடுத்து ஏமாற்றியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். வாங்கியதை வாங்கினேன் என்று சொன்ன மனிதர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல் எல்லோர் முகத்தையும் பார்க்கிறார்.

வெளியே வந்ததும் வக்கீல் தன் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பஸ் ஸ்டாண்டில் அப்பா என்னிடம், "வெத்தலை வாங்கலைன்னா சொல்லியிருக்கணும்?" என்று கேட்டார்.

"ஆமா, சொல்லியிருக்கணும்! அவன் பேத்தி இருக்குன்னு சொல்லலியா? உங்களுக்கு மட்டும் எதுக்கு இந்த யோக்கியம்?" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். வீட்டில் அம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டாள். தலையில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். "உங்க அப்பா வாயில பொய்யி வந்திருந்தா நமக்கு இந்த நெலமையே வந்திருக்காது. சாப்பிட வாங்க" என்று அப்பாவுக்குத் தட்டு எடுத்து வைத்தாள்.

பிறகு வக்கீல் எங்களைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். மேலே மெட்ராஸ் வரை போனால் ஜெயிக்கலாம், ஆனால் அதற்குள் வருஷக்கணக்காகும், இங்கே தோற்றால் நஷ்டஈட்டுக்கு வீட்டை ஜப்தி செய்யக் கேட்பார்கள் என்றார். அவர்கள் தரப்பிலிருந்து சமாதானத்துக்கு வந்திருக்கிறார்களாம். பெயரை நாம் விட்டுவிட்டால் நஷ்டஈட்டை அவர்கள் விட்டுவிடுவார்களாம். என்ன தாராளம்! எங்கள் வீட்டில் திருடியதை அவர்களே வைத்துக்கொள்வதற்குச் சம்மதித்தால், வீட்டை எங்களுக்கே விட்டுவிடுவார்களாம்.

நான் மாட்டேன் என்றேன். ஒரு மாதம் மாட்டேன் மாட்டேன் என்றே சொன்னேன். அப்பா என்னை வற்புறுத்தவில்லை. ஆனால் கொட்டகையில் கூலிக்கு வேலை செய்த இரண்டு பெண்களும் மில்லுக்கு ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்து, அந்த வீட்டின் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த வீடுதான். கடைசியில் நான்தான் வக்கீலுக்குச் சரி என்று சொல்லியனுப்பினேன்.

கையெழுத்துப் போடுகிற நாளில் கோர்ட்டில் கூட்டம் அதிகம். ஒரு பக்கம் அந்தப் பெரிய மனிதரும் அவர் வக்கீலும் நின்றார்கள், இன்னொரு பக்கம் நாங்கள். குமாஸ்தா மேஜை மேல் தாளைப் பரப்பினார். எங்கள் வக்கீல் அதைத் தமிழில் சொன்னார்: மேற்படி பெயரையோ அதைப் போன்ற வேறு எந்தப் பெயரையோ பிரதிவாதிகளாகிய நாங்கள் இனி எந்தக் காலத்திலும் எங்கள் தொழிலுக்குப் பயன்படுத்த மாட்டோம், அந்தப் பெயர் முழுவதும் வாதிக்கே சொந்தம் என்று ஒப்புக்கொள்கிறோம்.

அப்பா மேஜையில் குனிந்து முதலில் போட்டார். தோல் உரிந்த விரல்களில் பேனா நிற்காமல் வழுக்கியது. பிறகு என்னிடம் நீட்டினார். நான் இனிஷியலை மட்டும் போட்டு ஒரு கோட்டை இழுத்துவிட்டுப் பேனாவை வைத்தேன். குமாஸ்தா தாளைப் பார்த்துவிட்டுத் திரும்ப என் பக்கமே தள்ளினார்.

"இது செல்லாதும்மா. பேரை முழுசா எழுதணும். வாசிக்கிற மாதிரி தெளிவா எழுதுங்க."

"எழுதலாமா?" என்று கேட்டேன். "அந்த ஐயாவுக்குச் சொந்தமான பேரு. அவரை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெரிய மனிதர் சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். குமாஸ்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சீக்கிரம் எழுதுங்கம்மா, அடுத்த கேஸ் கூப்பிடப் போறாங்க" என்றார். நான் அந்தத் தாளில் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, முழுசாக எழுதிக் கொடுத்தேன்.